பக்கத்து வீட்டு டிரக்கில் பறக்கும் கொடி

கேள்வி இது: "வேலைக்காக அலபாமாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கமான மனிதர். நாங்கள் குடிவந்த அன்று சாமான் இறக்கக் கைகொடுத்தார். தோட்டத்துத் தக்காளியைக் கொண்டுவந்து தருவார். ஆனால் அவருடைய பிக்கப் டிரக்கில் அந்தச் சிவப்புக் கொடி, நடுவில் நீலப் பெருக்கல் குறி போட்டது, எப்போதும் பறக்கிறது. என் ஆபீஸில் வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி அந்தக் கொடி பறக்கும் கடைக்குக்கூடப் போகமாட்டார். பெரியவரைக் கேட்டால் 'இது எங்கள் மரபு, வெறுப்பு இல்லை' என்கிறார். யார் சொல்வது சரி?"

உங்கள் தோழி சொல்வதுதான் சரி. அதற்காகப் பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மனதார நம்பித்தான் சொல்கிறார். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் உண்மையான கதை. கொஞ்சம் நீளமானது.

முதலில் கொடியைப் பற்றி. எல்லோரும் "கான்ஃபெடரேட் கொடி" என்று சொல்லும் இது, பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் அமைத்த அரசின் தேசியக் கொடியாக ஒரு நாளும் இருந்ததில்லை. 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. அடுத்த பிப்ரவரியில், பிரிந்த மாநிலங்கள் உங்கள் மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில் கூடி, கான்ஃபெடரேட் கூட்டமைப்பு என்ற தனி அரசை அமைத்தன. ஏப்ரலில் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்த சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்து உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதன் பிறகு இன்னும் நான்கு மாநிலங்கள் சேர்ந்து மொத்தம் 11 ஆயின. இவர்களுடைய முதல் தேசியக் கொடியில் மூன்று பட்டைகள், மூலையில் நீலக் கட்டம், அதற்குள் வட்டமாக நட்சத்திரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் அமெரிக்கக் கொடி மாதிரியே இருக்கும்.

அதுவே வினையாயிற்று. 1861 ஜூலையில் வர்ஜீனியாவில் மனாசஸ் என்ற ஊரருகே நடந்த முதல் பெரிய சண்டையில், புகைக்கும் தூசிக்கும் நடுவே வருவது நம் ஆளா எதிராளியா என்று தெரியாமல் தெற்குத் தளபதி போரகார்டு தவித்தார். போர்க்களத்துக்கென்று தனிக் கொடி வேண்டும் என்று அதன் பிறகு பிடிவாதமாக நின்றார். தென் கரோலினா அரசியல்வாதி வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் கையில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருந்தது. தேசியக் கொடிக்காக அவர் அதைக் கொண்டுவந்தபோது, கால்சட்டையை இழுத்துப் பிடிக்கும் தோள்பட்டி மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்து தள்ளியிருந்தார்கள். அந்த வடிவமே படைக்குப் போனது. முதலில் மைல்ஸ் மனதில் இருந்தது நேரான சிலுவை. மதச் சின்னம் வேண்டாமே என்று ஒரு தெற்கத்தி யூதர் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு அதைச் சாய்த்து வைத்தார். காலாட்படைக்குக் கொடுத்த கொடி 4 அடிக்கு 4 அடி சதுரம். நட்சத்திரம் 13, முழுதாகப் பிரிந்துவராத மிசூரியையும் கென்டக்கியையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தரப்புக்கு இருக்கும் வலுவான வாதம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இது அரசின் கொடியே இல்லை, சிப்பாயின் கொடி. அரசியல்வாதிகள் எதற்காக வேண்டுமானாலும் போர் தொடங்கியிருக்கட்டும், எங்கள் முப்பாட்டன் தன் மண்ணைக் காக்கப் போனான். இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. தெற்கே வெள்ளையர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் அடிமைகளை வைத்திருந்தது. 1862 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேர்க்கை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த சட்டம், 20 அடிமைகளோ அதற்கு மேலோ இருக்கும் பண்ணைக்கு ஒரு வெள்ளையருக்குச் சேர்க்கையிலிருந்து விலக்குக் கொடுத்தது. பணக்காரன் தொடுத்த போர், ஏழை செத்த போர் என்று அன்றைக்கே தெற்கில் முணுமுணுத்தார்கள். பெரியவரின் முப்பாட்டனார் அப்படி இழுத்துச் செல்லப்பட்ட ஏழை விவசாயியாக இருந்திருக்கலாம். அவருக்காக வருத்தப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் சிப்பாயின் கொடி அரசியலுக்கு வெளியே தங்கிவிடவில்லை. 1863 மே மாதம் தேசியக் கொடியை மாற்றியபோது, இதே போர்க்கொடியை எடுத்து மூலையில் வைத்து மீதி முழுவதையும் வெள்ளையாக விட்டார்கள். ஏன் வெள்ளை? ஜார்ஜியாவின் சவானா நகரப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் தாம்சன் அப்போது மூடி மறைக்காமல் எழுதினார்: கீழான கறுப்பினத்தின் மேல் வெள்ளையனுக்கு வானம் விதித்த மேலாதிக்கத்தைக் காக்கவே நாம் போரிடுகிறோம், அதற்கு வெள்ளைக் கொடியே பொருத்தம் என்று. (காற்றில்லாத நேரத்தில் அது சரணடையும் கொடி போலத் தெரிந்தது. அதனால் 1865 மார்ச்சில் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை சேர்த்தார்கள். அடுத்த மாதமே தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்துவிட்டார்.)

களத்திலும் நிலைமை வேறில்லை. இந்தச் சதுரக் கொடியைத் தாங்கிய லீயின் படை 1863 கோடையில் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே சுதந்திரமாக வாழ்ந்துகொண்டிருந்த கறுப்பினத்தவரைப் பிடித்துக் கட்டித் தெற்கே அடிமைகளாக அனுப்பியது. அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு இந்தக் கொடி எப்படித் தெரிந்திருக்கும்?

"போர் அடிமை முறைக்காக நடக்கவே இல்லை, மாநில உரிமைக்காக" என்ற வாதத்தையும் சீக்கிரமே கேட்பீர்கள். இதற்குப் பதில் சொல்ல வரலாற்றாசிரியர் யாரும் வேண்டாம், பிரிந்தவர்கள் தாங்களே எழுதி வைத்ததைப் படித்தால் போதும். மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை ஆரம்பத்திலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றிப்போனது, உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் அது என்கிறது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசினார். நீக்ரோ வெள்ளையனுக்குச் சமமல்லன், அடிமையாக இருப்பதே அவனுடைய இயல்பான நிலை என்ற உண்மைதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை விஷயத்திலோ வேடிக்கை என்னவென்றால், தென் கரோலினாவின் அறிக்கை புகார் சொல்வதே வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதைப் பற்றித்தான்: தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர மறுக்கிறார்களே என்று. அவர்கள் எழுதிய அரசியல் சட்டமும், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக் கூடாது என்று தங்கள் நாடாளுமன்றத்தின் கையைக் கட்டிவிட்டது.

மிசிசிப்பி சொன்ன "பொருளாதார நலன்" நின்றது பஞ்சின் மேல். போரில் தெற்கத்தித் துறைமுகங்கள் முற்றுகைக்குள் வந்து அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பக்கம் திரும்பின. திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த பஞ்சு தூத்துக்குடியில் நல்ல விலைக்குக் கப்பலேறியது அந்தச் சில ஆண்டுகளில்தான். போர் முடிந்ததும் விலையும் இறங்கிவிட்டது. நம் ஊருக்கும் இந்தப் போருக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்; மறுபடி அலபாமாவுக்கே வருவோம்.

"தெற்கின் மரபு" என்கிறபோது எனக்கு எப்போதும் ஒரு கேள்வி எழும்: தெற்கு என்றால் யார்? 1860 மக்கள்தொகைக் கணக்கில் பிரிந்துபோன 11 மாநிலங்களில் இருந்தவர்கள் சுமார் 91 லட்சம் பேர். அவர்களில் 35 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் பாதிக்கு மேல் அடிமைகள். அவர்களும் தெற்கத்தியர்தான், அந்த மண்ணில் உழுதவர்கள், அந்தச் சமையலைச் சமைத்தவர்கள், அந்த இசைக்கு உயிர் கொடுத்தவர்கள். வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் சுமார் 1,80,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்தவர்கள். வெள்ளையரிலும் கிழக்கு டென்னசி மலைப்பகுதியிலிருந்தும், உங்கள் அலபாமாவின் வடக்கு மலைகளிலிருந்தும்கூட ஒன்றியத்துக்காகப் போரிடப் போனார்கள். வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி பிரிவினைக்கு ஒத்துக்கொள்ளாமல் 1863-ல் தனி மாநிலமாகவே போய்விட்டது. இவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டு மீதியைத்தான் இந்தக் கொடி "தெற்கு" என்கிறது.

கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கில் கூட்டமைப்புப் படையில் விரும்பிச் சேர்ந்து போரிட்டார்கள் என்ற கதையும் சுற்றுகிறது. அதிகாரிகளுக்குச் சமைக்கவும் குழி வெட்டவும் அடிமைகளை இழுத்துப்போனார்கள், அது உண்மை. ஆனால் அவர்களைச் சிப்பாய்களாகச் சேர்க்கக் கூட்டமைப்பு சட்டம் போட்டதே 1865 மார்ச் 13 அன்று, தோல்விக்கு ஒரு மாதம் முன்னால். அந்த யோசனையைக் கேட்டு ஜார்ஜியா அரசியல்வாதி ஹாவெல் கோப் சொன்னது இது: அடிமைகள் நல்ல சிப்பாய்களாக முடியும் என்றால் அடிமை முறை பற்றிய நம் கொள்கையே தவறு என்றாகிவிடும்.

சரி, போர் முடிந்தது. அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. பெரியவரின் நம்பிக்கைக்கும் உங்கள் தோழியின் பயத்துக்கும் அங்கேதான் வேர் இருக்கிறது.

தோற்றபின் பல பத்தாண்டுகள் இந்தக் கொடி பெரிதாக வெளியே தலைகாட்டவில்லை. லீயே அதற்கு ஆதரவில்லை. போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று 1869-ல் எழுதினார். முன்னாள் வீரர்களின் கூட்டங்களிலும் சிலைத் திறப்புகளிலும் கல்லறைகளிலும்தான் கொடியைப் பார்க்கலாம். கூடவே "தோற்ற லட்சியம்" என்ற ஒரு கதையும் வளர்ந்தது. தெற்கு நியாயத்துக்காகப் போரிட்டது, எதிரிக்கு ஆள்பலம் அதிகம் என்பதால் தோற்றது, அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்ற கதை. 1894-ல் தொடங்கிய கூட்டமைப்பின் புதல்விகள் சங்கம் அதைச் சிலைகளிலும் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் ஏற்றியது. பெரியவர் பள்ளியில் படித்தது பெரும்பாலும் அந்தக் கதையாகத்தான் இருக்கும். நான்கு தலைமுறை அப்படிப் படித்தது.

அதே 1894-ல் மிசிசிப்பி தன் மாநிலக் கொடியின் மூலையில் இந்தச் சின்னத்தை வைத்தது. நான்கு ஆண்டுகள் முன்னால்தான் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கப் புது அரசியல் சட்டம் எழுதியிருந்தார்கள். இந்தக் கொடிக்கு ஒரு சிரிப்புக் கதையும் உண்டு. 1906-ல் சட்டத் தொகுப்பைத் திருத்தியபோது கொடிச் சட்டத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். 2000-ல் மாநில உச்ச நீதிமன்றம், மிசிசிப்பிக்கு அதிகாரபூர்வக் கொடியே 94 ஆண்டுகளாகக் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது!

வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் தொடக்கத்திலிருந்தே இந்தக் கொடியைத்தான் தூக்கியது என்று எதிர்த் தரப்பில் சிலர் சொல்வதும் சரியில்லை. 1925-ல் வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான க்ளான்காரர்கள் வெள்ளை அங்கியோடு ஊர்வலம் போனபோது கைகளில் இருந்தது அமெரிக்க தேசியக் கொடி. போர்க்கொடி அவர்கள் கைக்குப் பிற்பாடுதான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் தெற்கத்திச் சிப்பாய்கள் ஊர் ஞாபகத்துக்கு இதை எடுத்துப்போனார்கள். 1945 மேயில் ஜப்பானின் ஒகினாவாவில் ஷூரி கோட்டையைப் பிடித்த அமெரிக்க மரைன் படை வீரர்கள் முதலில் ஏற்றியது இந்தக் கொடியைத்தான். அதில் இனவெறியைத் தேடினால் கிடைக்காமலும் போகலாம். குறும்பு, ஊர்ப் பெருமை, இளரத்தம்.

அதன்பின் வந்தது 1948. அதிபர் ட்ரூமன் கறுப்பினத்தவருக்குச் சிவில் உரிமைகள் தரும் திட்டத்தை முன்வைத்தார். அவருடைய ஜனநாயகக் கட்சியிலிருந்தே தெற்கத்தியர் வெளியேறி, ஜூலையில் உங்கள் பர்மிங்ஹாமில் கூடி, ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்தினார்கள். அவர்கள் கூட்டங்களில் இந்தக் கொடி கடலாக அலையடித்தது. நான்கு மாநிலங்களில் வென்றார்கள், அலபாமா அதில் ஒன்று. கல்லறையிலிருந்த கொடி மீண்டும் அரசியல் கொடியானது இந்த ஆண்டில்தான். அதைத் தொடர்ந்து 50-களின் ஆரம்பத்தில் நாடு முழுக்க இது ஒரு ஃபேஷனாகவும் ஆனது. தொப்பியில், துண்டில், கார் கண்ணாடியில். பெரியவர் டிரக்கிலிருக்கும் நீள்சதுர வடிவம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

இனி தேதிகளை மட்டும் பாருங்கள். 1954-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்றது. 1956 தொடக்கத்தில் ஜார்ஜியா சட்டமன்றம் அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்மானம் போட்டது. அதே கூட்டத்தொடரில் மாநிலக் கொடியின் மூன்றில் இரண்டு பங்கை இந்தப் போர்க்கொடியால் நிரப்பியது. 1961-ல் தென் கரோலினா, போரின் நூற்றாண்டு என்ற பெயரில், தலைமைச் செயலக மாடத்தின் மேல் இதை ஏற்றியது. நூற்றாண்டு முடிந்தபிறகும் இறக்கவில்லை. 1962 செப்டம்பரில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கால்பந்து மைதானம் முழுக்க இந்தக் கொடி அசைந்தது. மறுநாள் இரவுக் கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். 1963 ஏப்ரல் 25 அன்று, இனப் பிரிவினை விஷயமாக அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஆளுநர் ஜார்ஜ் வாலஸைப் பார்க்க மாண்ட்கமரி வந்தார். அன்றைக்குப் பார்த்து அலபாமா தலைமைச் செயலகத்தின் மேல் இந்தக் கொடி ஏறியது. அது நிரந்தரமாக இறங்க 1993 ஆயிற்று.

முப்பாட்டனாரின் நினைவுக்காகத்தான் என்றால் 1870-ல் ஏற்றியிருக்கலாம், 1900-ல் ஏற்றியிருக்கலாம். அப்போதெல்லாம் அந்த வீரர்கள் உயிரோடு இருந்தார்கள், பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபிறகு, கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளி வாசலுக்கு வந்து நின்ற அதே ஆண்டுகளில், ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் அலபாமாவுக்கும் ஞாபகம் வந்தது என்றால் அது யாருக்குச் சொன்ன செய்தி? உங்கள் தோழியின் தாத்தா பாட்டிக்குச் சொன்னது. அவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. தோழி வேறு கடைக்குப் போவது கற்பனையான பயத்தால் அல்ல, வீட்டில் கேட்டு வளர்ந்த அனுபவத்தால்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தென் கரோலினாவில் நடந்தது. மாடத்தின் மேலிருந்த கொடிக்கு எதிராக 2000 ஜனவரியில் தலைநகர் கொலம்பியாவில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அந்த மாநிலத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. கடைசியில் ஒரு சமரசம்: மாடத்திலிருந்து இறக்கி, அதே வளாகத்தில் வீரர்களின் நினைவுத் தூண் பக்கத்தில் 30 அடிக் கம்பத்தில் வைத்தார்கள். மாடத்தின் மேல் இருந்ததைவிட இப்போது தெருவில் போகிறவர் கண்ணில் நன்றாகவே பட்டது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டால்தான் அகற்ற முடியும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் இருந்தது.

2015 ஜூன் 17 இரவு சார்லஸ்டனின் இமானுவல் தேவாலயத்தில் வேதப் படிப்புக்கு வந்த ஒரு வெள்ளை இளைஞனை அங்கிருந்த கறுப்பினத்தவர்கள் வரவேற்று உட்கார வைத்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் அந்தச் சபையின் போதகர் கிளெமென்டா பிங்க்னி. மாநில செனட் உறுப்பினரும் அவரே. கொலைகாரன் இந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. துக்கத்துக்காகத் தலைமைச் செயலகத்தின் மேல் அமெரிக்கக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக் கம்பத்துக்கு இறங்கின. கீழே இந்தக் கொடி மட்டும் உச்சியிலேயே நின்றது. அதன் கம்பத்தில் பாதி இறக்குவதற்குக் கயிற்று வசதியே இல்லை. சட்டமும் தொட விடவில்லை. பிங்க்னியின் உடல் அந்தக் கட்டடத்துக்குள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, வெளியே பறக்கும் கொடி தெரியக் கூடாது என்று ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினார்கள். இந்த விவாதத்தில் எனக்கு வேறு எந்த வாதமும் அந்த ஜன்னல் துணி அளவுக்குப் பேசியதில்லை.

ஜூன் 27 காலையில் ப்ரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கைதானார். கொஞ்ச நேரத்தில் கொடி திரும்ப ஏறியது. அதை அகற்றச் சொல்லிச் சட்டமன்றத்தைக் கேட்ட ஆளுநர் நம் இந்திய வம்சாவளிக்காரரான நிக்கி ஹேலி, பஞ்சாபி சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைப் பற்றி ரொம்பவும் பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். முந்தைய ஆண்டுத் தேர்தல் விவாதத்தில், இந்தக் கொடியைப் பற்றி ஒரு கம்பெனித் தலைவர்கூட என்னிடம் பேசியதில்லை என்று சொல்லி நழுவியவர் அவர். 2023 டிசம்பரில் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டபோது அடிமை முறை என்ற சொல்லையே எடுக்காமல் பதில் சொன்னார், மறுநாள்தான் திருத்திக்கொண்டார். இருந்தாலும் 2015-ல் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். கீழவையில் 94-க்கு 20 என்று மசோதா தேறியது, ஜூலை 10 அன்று கொடி இறங்கி அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஜார்ஜியாவின் முடிவு இன்னும் விசித்திரம். 2001-ல் கொடியை மாற்றிய ஆளுநர் அடுத்த தேர்தலில் தோற்றார். 2003-ல் வந்த புதுக் கொடி போர்க்கொடியைக் கைவிட்டது. ஆனால் அது நான் முதலில் சொன்ன மூன்று பட்டைக் கொடியின் நகல், அதாவது அந்த அரசின் அசல் தேசியக் கொடியின் நகல்! அதைப் பார்த்து இன்று அநேகமாக யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் 1956-லும் 1963-லும் யாரும் அதைப் பள்ளி வாசலில் ஆட்டவில்லை. மிசிசிப்பியில் 2001 வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் பழைய கொடியே இருக்கட்டும் என்றார்கள். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதற்குப் பிந்தைய கொந்தளிப்பில் சட்டமன்றமே அதை அகற்றியது, நவம்பரில் மக்கள் மக்னோலியாப் பூப் போட்ட கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கோடையில் நாஸ்கார் கார்ப் பந்தயங்களிலும் இந்தக் கொடிக்குத் தடை வந்தது. தெற்கத்தி வெள்ளையரின் சொந்த விளையாட்டு என்றே சொல்லத்தக்கது அது.

அதனால் தனியார் இடத்தில் இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. மாண்ட்கமரியிலிருந்து பர்மிங்ஹாம் போகும் ஐ-65 சாலையில் வெர்பேனா பக்கம் ஒரு ராட்சதக் கொடியை நீங்களே பார்த்திருப்பீர்கள். தன் நிலத்தில், தன் வண்டியில் எதையும் பறக்கவிட அமெரிக்க அரசியல் சட்டம் உரிமை தருகிறது, அதில் கைவைக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். அரசு அந்தச் செய்தியைத் தன் வாயால் சொல்ல வேண்டுமா என்பது வேறு. டெக்சஸில் கூட்டமைப்புப் புதல்வர் சங்கம் இந்தக் கொடி பதித்த வாகன எண் பலகை கேட்டபோது மாநிலம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எண் பலகை அரசின் பேச்சு, மறுக்கலாம் என்று 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்தது. ஐந்தாவது வாக்கைப் போட்டவர் பழமைவாதியும் ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவருமான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். தீர்ப்பு நாள் 2015 ஜூன் 18, சார்லஸ்டன் கொலைகளுக்கு மறுநாள் காலை.

இப்போது உங்கள் பெரியவர். தக்காளியை வாங்கிக்கொள்ளுங்கள். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவர் சொல்வதை ஒத்துக்கொண்டு தலையாட்டவும் வேண்டாம். அவர் மரபு என்று சொல்வதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உங்கள் முப்பாட்டனார் எந்த ரெஜிமென்ட்டில் இருந்தார்? குடும்பக் கதை சொல்வது தெற்கத்தியருக்குப் பிடிக்கும். அநேகமாக வராந்தாவில் உட்கார்த்தி ஐஸ் டீ கொடுத்துச் சொல்வார்.

அலபாமாக்காரர்கள் பலர் லீயின் படையில் இல்லை. மேற்கே டென்னசி, ஜார்ஜியா களங்களில் போரிட்டார்கள். அங்கே பல ரெஜிமென்ட்டுகள் தூக்கியது நீலத் துணியில் நடுவில் வெள்ளை வட்டம் வைத்த ஹார்டி கொடி. 1864-ல் எல்லோரும் சிவப்புக் கொடிக்கு மாற வேண்டும் என்று தளபதி ஜான்ஸ்டன் உத்தரவிட்டபோதும், பாட்ரிக் கிளெபர்ன் என்ற ஐரிஷ்காரரின் டிவிஷன் மட்டும் தன் நீலக் கொடியை விடவில்லை. அந்தக் கிளெபர்ன்தான் அதே ஆண்டு ஜனவரியில், அடிமைகளை விடுதலை செய்து படையில் சேர்ப்போம் என்று எழுதிக் கொடுத்தவர். கூட்டமைப்பின் அதிபர் டேவிஸ் அந்தக் காகிதத்தை அமுக்கச் சொன்னார். கிளெபர்னுக்கு அதற்கப்புறம் பதவி உயர்வு வரவில்லை, நவம்பரில் ஃபிராங்க்ளின் சண்டையில் செத்தார்.

பெரியவரின் முப்பாட்டனார் அந்த டிவிஷனில் இருந்திருந்தால், அவர் கண்ணால் பார்த்து நடந்த கொடி நீலநிறம். அது கடையில் கிடைப்பதில்லை, தேடித்தான் வாங்க வேண்டும்.